பதினொன்றாம் குரல்

இதை எழுதுவதற்கு முன் மூன்று நாள் நோன்பிருந்தேன். பொய் ஒரு துளியும் கலந்துவிடக் கூடாது என்ற அச்சமே காரணம். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். கட்டிய கதைக்கும் கண்ட காட்சிக்கும் இடையே உள்ள தூரம் எனக்குத் தெரியும். இனி நான் சொல்லப்போவது கண்டதும் கேட்டதும் மட்டுமே. என்னோடு சேர்ந்து அதைக் கேட்டவர்கள் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். என் வலது முழங்கால் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. ஐயம் உடையவர்கள் வந்து பார்க்கலாம்.

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், முதலமடைக்குச் சற்று மேற்கே எங்கள் ஊர். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பதினொருவர் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிறோம். பதினேழு ஆண்டுகளாக நானே முன்னே செல்பவன். பதினொருவரையும் உயிரோடு மலையேற்றி, உயிரோடு ஊர் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. பதினேழு ஆண்டுகளில் ஒருவரையும் நான் இழந்ததில்லை. அந்தச் செருக்கு எனக்கு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவின் நடைக்கென்று சில முறைகள் உண்டு. வழியின் நடுவே வேலவனே எழுந்தருளி வருகிறான். அடியார்கள் அவனை வலப்பக்கம் வைத்து, சாலையின் இடது ஓரமாகவே நடக்க வேண்டும். காவடியைத் தோளில் ஏற்றியபின், முதல் தங்கலில் அதை இறக்கும் வரை எவரும் திரும்பிப் பார்க்கலாகாது. பார்த்தால் விரதம் முறியும். அதுவரை கைபேசிகளும் அணைந்து என் தோள்பைக்குள் கிடக்கும்.

பின்னே வருவோர் நலமா என்பதைத் திரும்பாமல் அறிவது எப்படி? அதற்கும் ஒரு வழி இருந்தது. நான் பாட்டைப் பாடி முடித்ததும், என் பின்னால் வருபவர் ‘அரோகரா’ என்பார். அவர் பின்னால் வருபவர் அடுத்து. இப்படி ஒவ்வொரு குரலாகப் பின்னோக்கிச் செல்லும். என் குரல் முதற்குரல். வரிசையின் கடைசியில் வருபவனுடையது பதினொன்றாம் குரல். அது கேட்டுவிட்டால் எல்லோரும் நலம். கேட்கவில்லை என்றால் நின்றுவிட வேண்டும்.

பாட்டும் நானே கட்டியதுதான். ஒரு குறள் வெண்பா.

*முன்னே வடிவேல் முதுகை மயில்காக்க*
*என்னே பயமென் றிசை.*

தளை தட்டாத பா என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

பதினொன்றாம் குரல் மாரப்பனுடையது. மாந்தோப்புக் காவலன், ஐம்பது வயது. இடக்கையில் மோதிர விரல் இல்லை. மாட்டுத் தீவனம் வெட்டும் இயந்திரம் அதைக் கொண்டுபோய்விட்டது. இடுப்பில் ஒரு வெண்கல மணியைக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் இருபத்தைந்து அடி பின்னால் நடப்பான். அவன் எட்டு வைக்கும்போதெல்லாம் மணி சிணுங்கும். அவனுக்கு முன்னால், பாற்குடம் தொங்கும் காவடியோடு பத்தாவதாக நடப்பவள் அவன் மனைவி பொன்னாத்தாள்.

சென்ற ஆண்டு, தைப்பூசத்துக்கு ஐந்து நாள் முன்பு. விடியற்காலை 3.50 மணி. ஊர்ப் பிள்ளையார் கோயில் முன் காவடிகளை வரிசையாகச் சாத்தி வைத்திருந்தோம். நிலா மறைந்துவிட்டது. மாம்பூவின் மணம் மூக்கை அடைத்தது.

பூபதிராஜா ஒரு பையைப் பிரித்தான். முப்பது வயது, மண்வாரி இயந்திரம் ஓட்டுபவன், என் பழைய மாணவன். பைக்குள் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகள் இருந்தன. தோளின் குறுக்கே மாட்டிக்கொள்வதற்கானவை. பதினொன்று.

“ஆளுக்கொன்னு மாட்டிக்கலாமுங்க வாத்தியாரே. புது ரோடு போட்டதுல இருந்து வண்டிக்காரனுவ பறக்கறானுவ.”

அவன் சொன்னதில் பொய்யில்லை. தார் புதிதாக இட்ட ஐந்து மாதங்களில் அந்தச் சாலையில் நடந்து சென்ற மூவர் மாண்டிருந்தார்கள். பால் ஊற்றப் போன ஒருத்தி. ஓய்வுபெற்ற தபால்காரர். பள்ளிக்குச் சென்ற ஒன்பது வயதுக் குழந்தை. முந்தைய வாரம்தான் எல்லைச் சாவடியின் மலையாளக் காவலர் ஒருவர் என்னை நிறுத்திச் சொல்லியிருந்தார்: “மாஷே, வலத்துப் பக்கம் நடக்கணும். வண்டி முகத்துக்கு நேரே வரணும். முதுகுக்குப் பின்னால வந்தா எப்படித் தெரியும்?” எங்கள் முதுகை மயில் காக்கும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“விரத உடைமேல் பிளாஸ்டிக் பட்டையா? வேண்டாம்” என்றேன் பூபதியிடம்.

“ஏனுங்க, முருகன் மயிலுக்கு மட்டும் தோகை பூராப் பளபளன்னு கண்ணு வெச்சிருக்கறான். நமக்கு ஒன்னு ஆகாதா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மாரப்பன் அதைக் கவனித்தான். என் முகம் வாடினால் அவனுக்குப் பொறுக்காது.

“வாத்தியாரு வேண்டாம்னா வேண்டாம் தம்பி. எனக்கு ஒன்னு குடு. ஊட்டுல எருமைக்குக் கட்டி உடறேன். அது உன்ற வண்டிக்குப் பயப்படாது” என்றான். பட்டை ஒன்றை வாங்கி, நான்காய் மடித்து, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான்.

மாட்டிக்கொள்ளவில்லை. நான் வேண்டாம் என்றேன் அல்லவா?

4.05. காவடிகள் தோளேறின.

முதல் முக்கால் மணி நேரம் குறையொன்றும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டு. பதினொரு குரல். கடைசியில் மாரப்பனின் கனத்த குரலும், கூடவே மணியும். என் கைக்கடிகாரத்தின் முட்கள் இருளில் ஒளிர்பவை. ஒவ்வொரு பாட்டின்போதும் பார்த்துக்கொள்வேன். அதனால்தான் இனி வரும் நேரங்களை இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன்.

4.50. புளியமரத்து வளைவைக் கடந்தோம். அந்த வளைவில் சாலை சட்டென்று வடக்கே திரும்பும். நான் பாட்டை எடுத்தேன். முதல் அடி முடிந்தது. இரண்டாம் அடியைத் தொடங்கினேன்.

4.52.

பின்னால் ஒரு சத்தம். இரும்புப் பெட்டி கல்லில் மோதியது போல… டங்! அதோடு சேர்ந்து மணியும் ஒருமுறை அடித்தது. சிணுங்கவில்லை. அடித்தது.

காலி டிப்பர்கள் பள்ளத்தில் இறங்கும்போது அப்படித்தான் சத்தமிடும். எல்லை தாண்டிக் கல் ஏற்றப் போகும் வண்டிகள் இரவெல்லாம் அந்தச் சாலையில் ஓடும். நான் குரலைச் சற்று உயர்த்தினேன். அவ்வளவுதான் செய்தேன்.

மறுகணம் ஒரு டிப்பர் எங்களை உரசிக்கொண்டு பறந்தது. அதன் காற்றில் என் காவடியின் தோகைகள் மடிந்தன. அது முன்னால் சென்றபோது கவனித்தேன். சாலையின் ஒரு பக்கம்தான் ஒளி விழுந்தது. இடது விளக்கு எரியவில்லை.

பாட்டு முடிந்தது.

பூபதி. “அரோகரா.” அடுத்தவர். அடுத்தவர். ஒன்பது. பத்து… பொன்னாத்தாள். “அரோகரா.”

பதினொன்று…

வரவில்லை.

நின்றேன். எல்லோரும் நின்றார்கள். எல்லா முகங்களும் முன்னோக்கியே இருந்தன.

“மாரப்பா!”

சில்வண்டுகளின் ஒலி. வேறொன்றும் இல்லை.

“திரும்பிப் பாக்கட்டுங்களா?” என்றான் பூபதி.

“கூடாது.”

“ஒரே ஒருக்கா…”

“கூடாது என்றேன்.”

மீண்டும் இரண்டாம் அடியைப் பாடினேன். குரல்கள் பின்னோக்கிச் சென்றன. பத்து.

பின்பு, வெகு நேரம் கழித்து…

மணி.

“அரோ…கரா.”

கம்மிய குரல். ஆனாலும் அவன் குரல். பெருமூச்சு விட்டேன். நடந்தேன். என் பின்னால் எல்லோரும் நடந்தார்கள்.

இந்த இடத்தில் என் பேனா நிற்கிறது. ஆயினும் எழுதித்தான் ஆக வேண்டும்.

4.58. பொன்னாத்தாள் பேசினாள். அவள் அதிகம் பேசுபவள் அல்லள்.

“தொண்டை கட்டிக்கிச்சாட்ட இருக்குது இந்த மனுசனுக்கு. சுக்கு மென்னுட்டு வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். என்ற பேச்ச எங்கீங்க கேக்கறாரு?”

ஒருவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

மணி கேட்கவில்லை.

பதினொன்றாம் குரலோடு மட்டும் ஒருமுறை அடிக்கிறது. அதன்பின் மௌனம். இடுப்பில் கட்டிய மணி, நடப்பவன் இடுப்பில் சிணுங்காமல் எப்படி இருக்கும்?

5.03. பாட்டு. பத்துக் குரல். மணி. “அரோ…கரா.”

5.06. பின்னாலிருந்து ஒரு வண்டியின் வெளிச்சம் வந்தது. காய்கறி ஏற்றிய வேன். பின்னே வெளிச்சம் வந்தால் எங்கள் நிழல்கள் முன்னே சாலையில் நீளும். காவடி வளைவுகளோடு நீண்ட நிழல்கள். திரும்பாமலே எண்ணிவிடலாம். மனத்துக்கு ஆறுதலாக எண்ணினேன்.

என்னுடையது. பூபதியுடையது. மூன்று, நான்கு… ஒன்பது, பத்து. பொன்னாத்தாளின் பாற்குடம் தெரிந்தது.

பதினொன்றும் இருந்தது.

ஆனால் அந்த நிழல் இடுப்புக்கு மேலே நிமிர்ந்திருக்கவில்லை. முறித்த கரும்பு தோல் அறாமல் தொங்குவது போல, மேற்பாதி பக்கவாட்டில் சாய்ந்து தொங்கியது. தலை முழங்காலுக்கு அருகே ஆடியது.

அது நடந்துகொண்டிருந்தது.

வேன் கடந்தது. இருள் மூடியது.

கண் மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காவடியின் சுமை, நோன்பின் களைப்பு, விடியலின் குளிர்… எத்தனை காரணங்கள்! ஒரு கணம் கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. பதினேழு ஆண்டு விரதம் அதைப் பிடித்து நிறுத்தியது.

5.14. பாட்டு.

“அரோ…கரா.”

“வாத்தியாருங்க…” பொன்னாத்தாளின் குரல் மாறியிருந்தது. “அவரு என்னையத் தாண்டிப் போயிட்டாருங்களா?”

“ஏன்?”

“கொரலு எனக்கு முன்னால கேக்குதுங்க. அவரு கடைசீலல்ல வரோணும்?”

“உன்னைக் கடந்து ஒருவர் போனால் உனக்குத் தெரியாதா?”

“ஆரும் தாண்டுலீங்க.” பிறகு மெதுவாக, “காலுக்கடியில ஈரமா இருக்குதுங்க” என்றாள்.

மழை பெய்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

5.20. நாற்றம். எரிந்த டயர். அதனடியில் இன்னொன்று… ஆட்டுச் சந்தையில், வெட்டும் இடத்தில் வரும் நாற்றம்.

5.24. பாட்டு. ‘முதுகை மயில்காக்க’ என்ற இடத்தில் என் குரல் உடைந்தது.

பத்துக் குரல். எல்லாம் தாழ்ந்த குரல்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எவரும் சொல்லவில்லை.

மணி.

அது வரிசையின் நடுவிலிருந்து வந்தது.

“வாத்தியாரே.” பூபதி. என் முதுகுக்குப் பின்னால், மூச்சுக்கும் கேட்காத குரலில். “உங்களுக்கும் எனக்கும் நடுவால… யாரோ வர்றாங்க.”

“யார்?”

“தெரியிலீங்க. இருட்டா இருக்குது. குனிஞ்சுட்டு வர்றாங்க.”

“பார்க்காதே.”

“நேராத்தானுங்க பாக்கறேன். முன்னாலதானுங்க இருக்குது!”

5.29.

பாடவில்லை. பாட வாய் எழவில்லை.

பாடாமலே…

என் பிடரியில் மணி அடித்தது.

“அரோ… கரா.”

மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு. ஈரம் தெறித்தது.

கண்களை மூடினேன். கால்கள் நடந்தன. அவை என்னுடையவை அல்ல.

5.30.

பின்னே வெளிச்சம்.

முன்னே நிழல்கள். நான் எண்ணவில்லை. என் நிழலின் தோள்மேல் இன்னொரு தலை சாய்ந்திருந்தது.

5.31.

“எறங்குங்க வாத்தியாரே!”

என் செவிக்குள் அலறல்.

முதுகில் இரண்டு கைகள்.

தள்ளின.

மனிதன் தள்ளுவது போல அன்று. எருது முட்டுவது போல. காவடி தோளிலிருந்து பிய்ந்தது. நான் காற்றில் இருந்தேன். பிறகு கல்லில் என் முழங்கால் உடைந்த ஓசையை நானே கேட்டேன். என்மேல் பூபதி விழுந்தான். அவன்மேல் இன்னொருவர். சாலையோர வாய்க்காலுக்குள் பத்துப் பேரும் மூட்டைகளாக வந்து விழுந்தோம்.

அதே கணத்தில் பின்னாலிருந்து இன்னொரு டிப்பர் வந்தது.

ஒலிப்பான் அடிக்கவில்லை. தடை அழுத்தவில்லை. சாலையின் இடது ஓரத்தில், நாங்கள் நடந்த அதே கோட்டில், கோடு தவறாமல் வந்தது. காவடிகள் அதன் சக்கரத்தடியில் நொறுங்கின. பாற்குடங்கள் வெடித்தன. எங்கள் தலைக்கு ஒரு முழம் மேலே இரும்பு பறந்தது. தோகைகள் சிதறின. கல் தெறித்தது. மாந்தோப்பின் மதிலை இடித்து, மரம் ஒன்றை வேரோடு சாய்த்து, கவிழ்ந்து, நின்றது.

அதன்பின் கவிழ்ந்த வண்டியின் சக்கரம் சுழலும் ஓசை மட்டும்.

உறங்கிவிட்டேன் என்று அந்த ஓட்டுநர் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே கிடந்து அழுதான். பூபதியின் இடது மணிக்கட்டில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. பொன்னாத்தாளின் நெற்றி பிளந்து முகமெல்லாம் குருதி. ஆனாலும் எல்லோரும் உயிரோடு இருந்தோம். பத்துப் பேர் முனகும் ஓசையை நான் கேட்டேன். அன்று என் செவியில் விழுந்த இனிய ஒலி அதுதான்.

பொன்னாத்தாள்தான் முதலில் எழுந்தாள். கவிழ்ந்த வண்டியின் விளக்கொளியில் பூபதியின் முதுகைப் பார்த்தாள். பிறகு என் முதுகை. பிறகு ஒவ்வொருவராக எல்லோருடைய முதுகையும் புரட்டிப் பார்த்தாள்.

பத்து முதுகுகளிலும் இரண்டிரண்டு கைத்தடங்கள். செந்நிறம், ஈரம் காயாதவை. இடப்பக்கத் தடத்தில் நான்கு விரல்கள்தாம் இருந்தன. மோதிர விரல் இல்லை.

“அவரு கை” என்றாள். “அவருதான் தள்ளி உட்டுருக்காரு. கையெல்லாம் ரத்தமா இருக்குதே… ஏனுங்க, அவரு எங்கீங்க?”

அப்போதுதான் நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

அன்று முதன்முறையாக. பத்துப் பேரும்.

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் வந்த சாலை வளைவில்லாமல் நெடுந்தூரம் தெரிந்தது. கருப்பாக, வழவழப்பாக, வெறுமையாக.

“மாரப்பா!” என்று பத்துப் பேரும் கத்தினோம். வாய்க்காலில் தேடினோம். டிப்பருக்கு அடியில் குனிந்து பார்த்தோம். பொன்னாத்தாள் சக்கரங்களுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினாள். அவன் இல்லை.

5.44. தோள்பையை அவிழ்த்து என் கைபேசியை உயிர்ப்பித்தேன். ஆம்புலன்சைக் கூப்பிடத்தான். திரை எரிந்ததும் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. தவறிய அழைப்புகள். ஒரே எண்.

5.02. 5.04. 5.07. 5.11. 5.16. 5.19. 5.25.

ஏழு.

அந்த எண்ணை அழைத்தேன். ஒருவர் எடுத்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

“காவடிக் கூட்டத்து வாத்தியாருங்களா? ஏழு வாட்டி கூப்புட்டனுங்க! போன எதுக்குங்க அணைச்சு வெச்சீங்க? உங்காளு ரோட்டுல கெடக்கறாரு…” நின்றார். “கெடந்தாருங்க.”

“எந்த இடம்?”

“புளியமரத்து வளைவுங்க.”

நாங்கள் நின்ற இடத்திலிருந்து அது மூன்று கிலோமீட்டருக்கும் மேல்.

“ஏனுங்க” என்றார் அவர், “அத்தன பேரு முன்னால போறீங்க. ஒருத்தரு கூடவா திரும்பிப் பாக்கல?”

அவர் பெயர் கபிரியேல். வேலந்தாவளத்துக்காரர், பால் வண்டி ஓட்டுபவர். முற்பகல் 11.20க்கு மருத்துவமனைப் பிணவறையின் வெளியே அவரைச் சந்தித்தேன். சட்டை முழுதும் மாரப்பனின் குருதி காய்ந்திருந்தது. உள்ளே மருத்துவர் ஏற்கெனவே என்னிடம் சொல்லிவிட்டார்: இடுப்பெலும்பு முற்றும் நொறுங்கியிருந்தது. உடனே உயிர் போகவில்லை. ஏறக்குறைய நாற்பது நிமிடம் இருந்திருக்கிறான். உடைமைகளைத் தந்தார்கள். மணி. காவடிச் சீட்டு, அதில் என் கைபேசி எண். வேட்டி மடிப்பில் நான்காய் மடித்தபடி இருந்த பட்டை. அதில் மட்டும் ஒரு சொட்டுக் குருதியும் இல்லை. பிணவறை விளக்கில் பளிச்சென்று மின்னியது.

பொன்னாத்தாள் உள்ளே இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் கபிரியேல் பேசத் தொடங்கினார்.

“நான் போறப்ப மணி அஞ்சு ஆகப்போவுதுங்க. இடுப்புக்குக் கீழ ஒன்னுமில்ல, நசுங்கிக் கெடக்குது. ஆம்புலன்சுக்குச் சொன்னேன், உங்களுக்கு அடிச்சேன். எந்திரிச்சு ஓடி வந்து உங்களப் புடிச்சரலாம்னு பாத்தா, என்ற கைய உடமாட்டேங்கறாரு. தண்ணி வேணுமான்னேன். ‘கம்முனு இருங்க, பாட்டு வருது’ன்னு காத ரோட்டுல வெச்சுட்டாரு.”

“பாட்டா?”

“எனக்கு ஒரு பாட்டும் கேக்கலீங்க. சில்வண்டுதான். ஆனா கொஞ்ச நேரத்துக்கொருக்கா தலையத் தூக்கி, மணிய ஆட்டி, ‘அரோகரா’ங்கறாரு. பேசாதீங்க, உசுரு போயிருமுங்கன்னு சொன்னேன். ‘நான் சொல்லாட்டி அவிய நின்னுருவாங்க. இருட்டுல ரோட்டுல நிக்கப்படாது. வண்டி வரும்’னாரு.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் வேதக்காரனுங்க. எனக்குத் தெரிஞ்ச ஜெபத்தச் சொல்லிட்டு உக்காந்திருந்தேன். அஞ்சு முப்பத்தொன்னுக்கு, ஆம்புலன்சுக்காரன் எங்கன்னு கேக்கறான், நான் போன்ல வழி சொல்லிட்டு இருக்கறேன். அப்பத்தானுங்க திடீர்னு எந்திரிச்சு உக்காந்தாரு. இடுப்பே இல்லாத மனுசன். கண்ணு எங்கியோ பாக்குது. ‘எறங்குங்க வாத்தியாரே!’ன்னு ஒரே கத்து. ரெண்டு கையையும் நீட்டிக் காத்தத் தள்ளுனாருங்க. மறுக்கா தள்ளுனாரு. மறுக்கா. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. என்னமோ, நான் எண்ணிட்டே இருந்தேன். பத்து வாட்டி. பத்தாவது தள்ளு தள்ளுனதும் கை கீழ உழுந்துருச்சு. அவ்வளவுதானுங்க.”

கபிரியேல் நெற்றியில் சிலுவை இட்டுக்கொண்டார். பிறகு என் சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“நீங்க எத்தன பேருங்க?” என்றார்.

நான் வாய் திறந்தேன். பதினேழு ஆண்டுப் பழக்கம். என் நாவில் பதினொன்று என்றே வந்தது.